ஜனாதிபதி வரும்வரை கல்யாணம் இல்லை

எங்கள் ஊரில் அரசியல் பேசாத இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது என் நாற்காலி. நான் பல் டாக்டர். அதில் சாய்ந்து வாயைத் திறந்துவிட்டால் எந்தக் கட்சிக்காரனும் "ஆ" என்ற ஒரே கொள்கையைத்தான் பேச முடியும். மற்றபடி ரொட்டிக் கடை, பெட்ரோல் வரிசை, சாவு வீடு என்று எங்கே போனாலும் புது ஜனாதிபதி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பார். பதவிக்கு வந்த சில மாதங்களுக்குள் அவர் லெபனானையே கரையேற்றிவிட்டதாகப் பாதி ஊர் சொன்னது. கரையேறியது அவருடைய மச்சான்கள் மட்டும்தான் என்று மீதி ஊர் சொன்னது.

என் அப்பா முதல் பாதியின் தலைவர். ஊரில் அவரை அபூ ஹியாம் என்பார்கள், ஹியாமின் அப்பா என்று பொருள். மற்ற ஆண்களுக்கெல்லாம் மூத்த மகன் பெயரால் அபூ பட்டம் வரும். அப்பாவுக்கு இருப்பது நான் ஒருத்திதான், அதனால் என் பெயரையே மீசையோடு சேர்த்துச் சுமந்துகொண்டு திரிந்தார். அம்மா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டாள். அதன்பிறகு அந்த வீட்டில் நான், அப்பா, அவருடைய கட்சி, மூன்று பேர்தான்.

நாட்டுக்கு ஜனாதிபதியே இல்லாத காலம் ஒன்று இருந்தது. பழையவர் பதவிக்காலம் முடிந்து போய்விட்டார், புதியவரைத் தேர்ந்தெடுக்க நாடாளுமன்றம் கூடும், ஆள் போதவில்லை என்று கலையும், மறுபடி கூடும், மறுபடி கலையும். அப்பா வரவேற்பறைச் சுவரில், வரப்போகிறவர் படத்துக்காக வெறும் சட்டத்தை மாட்டிவைத்தார். வருகிறவர்களெல்லாம் கண்ணாடி என்று நினைத்து அதன் முன்னால் நின்று தலையைக் கோதிக்கொள்வார்கள். அந்தக் காலத்தில்தான் நிஸார் முதல்முறையாக என்னைப் பெண் கேட்டு வந்தான்.

நிஸார் கூரைகளில் சூரிய மின்தகடு பொருத்துகிறவன். அரசாங்கம் ஒழுங்காக மின்சாரம் கொடுத்தால் அவன் பிழைப்பு போய்விடும், ஆகவே அவன் எந்தக் கட்சியையும் திட்டியதில்லை. எனக்கு அவனைப் பிடித்துப்போனதற்கு அதுவே பாதிக் காரணம். ஆனால் அவன் குடும்பம் மொத்தமும் எதிர்க்கட்சி. அப்பா அவனை உட்காரவைத்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் மீசையைத் தொட்டுச் சொன்னார்:

"நாட்டுக்கே தலை இல்ல. தலை இல்லாத நாட்டுல கல்யாணம் என்ன வேண்டிக்கிடக்கு? அந்த நாற்காலில ஒரு ஜனாதிபதி உக்காரட்டும். அன்னைக்கு ஆளைக் கூட்டிக்கிட்டு வா, காப்பியைக் குடி, பொண்ணைக் கூட்டிட்டுப் போ. என் மீசை மேல சத்தியம்."

தேசபக்தியைக் கண்டு கூட்டம் உருகிப்போனது. நான் மட்டும் உருகவில்லை. எங்கள் நாடாளுமன்றத்தை நம்பிக் கல்யாணத் தேதி வைப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு பல் பிடுங்குவதற்குச் சமம்.

ஆனாலும் ஒருநாள் ஜனாதிபதி வந்தேவிட்டார், அதுவும் அப்பாவின் கட்சி ஆள். ஊர் முழுக்க வெடிச் சத்தம். அப்பா தெருவில் இறங்கி ஆடினார், பக்லாவா இனிப்புத் தட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கடைசித் துண்டை என்னிடம் நீட்டும்போதுதான் அவருக்குத் தன் சத்தியம் ஞாபகம் வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

அன்றிலிருந்து சாக்குகள் ஆரம்பித்தன. முதலில் மந்திரிசபை அமையட்டும் என்றார். அமைந்தது. அது நம்பிக்கை வாக்கெடுப்பில் ஜெயிக்கட்டும் என்றார். ஜெயித்தது. பாவம் மனுஷன் மூச்சு விடட்டும் என்றார். மூச்சு விடுவது யார், ஜனாதிபதியா, நிஸாரா என்று நான் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டினார். எனக்கு முப்பத்து நான்கு வயது. என் சம்பாத்தியத்தில் நான் நிற்கிறேன், நினைத்தால் கையில் பையோடு நிஸார் வீட்டுக்கு நடந்தே போயிருப்பேன். ஆனால் அப்பாவின் மீசையை மிதித்துக்கொண்டு அந்த வாசலைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் நிஸார் பக்கம் பொறுமை போய், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பெரிய மனிதர்களைத் திரட்டிக்கொண்டு முறைப்படி பெண் கேட்க வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் நிஸாரின் பெரியப்பா அபூ ஷிப்லி. விதை உருளைக்கிழங்கு வியாபாரி. புது ஜனாதிபதி தேர்வான அன்று கடையைப் பூட்டி வாசலில் கறுப்புத் துணி கட்டியவர். போன ஜனாதிபதி அவருடைய கட்சி. அந்த ஜனாதிபதியின் படம் இன்னும் இவர் கடையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு மேல் தொங்குகிறது.

ஏலக்காய் போட்ட கசப்புக் காப்பியைக் கிண்ணத்தில் ஊற்றி அபூ ஷிப்லி முன்னால் வைத்தார்கள். அவர் அதைத் தொடவில்லை. கேட்டது கிடைத்த பிறகுதான் குடிப்பார்கள். குடிக்காமல் எழுந்து போய்விட்டால் அவமானம், அந்தக் குடும்பம் மறுபடி படியேறாது. நிஸாரின் அம்மா வேறொரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். நான் அடுத்த அறையில் அப்பாவின் அக்கா இல்ஹாம் அத்தையோடு கதவிடுக்கில் நின்றேன். மாப்பிள்ளை பேசக்கூடாது, பெண் வரவே கூடாது.

"அபூ ஹியாம், நாட்டுக்குத் தலை வந்தாச்சு. நீங்க குடுத்த வாக்கு எங்களுக்கும் ஞாபகம் இருக்கு, உங்க மீசைக்கும் ஞாபகம் இருக்கும்" என்று அபூ ஷிப்லி ஆரம்பித்தார்.

"தலையா? எங்க?" என்றார் அப்பா.

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். சட்டத்துக்குள்ளிருந்து புது ஜனாதிபதி சிரித்துக்கொண்டிருந்தார்.

"அது போட்டோ. போட்டோல யாரு வேணா சிரிக்கலாம். நாற்காலில உக்காந்துட்டா ஜனாதிபதியா? வேலை பாக்க வேணாமா? வந்து இத்தனை மாசமா என்னத்தக் கிழிச்சாரு, சொல்லுங்க."

அப்பாவின் கட்சித் தோழர்கள் வாயைப் பிளந்தார்கள். அத்தை என் கையைக் கிள்ளினாள்.

"அடியே, உங்கப்பன் யாரைச் சொல்றான்? காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா?"

எனக்குப் புரிந்துவிட்டது. ஜனாதிபதி நல்லவர் என்று ஒப்புக்கொண்டால் பெண்ணைக் கொடுக்க வேண்டும். ஆகவே தன் வாயாலேயே தன் தலைவரை ஒன்றுமில்லாமல் ஆக்கத் துணிந்துவிட்டார். அபூ ஷிப்லியின் பாடு அதைவிடப் பரிதாபம். கல்யாணம் நடக்க வேண்டுமானால் அந்த ஜனாதிபதியை அவர் புகழ்ந்தாக வேண்டும். ஒரு மிடறு எச்சிலை விழுங்கிக்கொண்டு தொடங்கினார். மரத்துப்போகும் ஊசி போடாமல் பல் பிடுங்குவது போல ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"செஞ்சிருக்காரே... ரோடு. ரோடு பாருங்க. கண்ணாடி மாதிரி கிடக்கு."

"எந்த ரோடு? நீங்க வந்த ரோட்டுல ஒரு கழுதையே உள்ள போற மாதிரி குழி இருக்கு."

"அந்தக் குழி பழசு. புதுசா ஒரு குழி விழுந்திருக்கா? அதான் சாதனை."

"குப்பை?"

"நாத்தம் குறைஞ்சிருக்கு."

"எனக்குக் குறையல."

"உங்களுக்கு ஜலதோஷம் போனதால தெரியுது."

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. விசிறி கிறுகிறுவென்று ஓய்ந்தது. அப்பா இரண்டு கைகளையும் மேலே காட்டி, வழக்கில் ஜெயித்துவிட்டவர் போல உட்கார்ந்தார்.

"இதுவும் ஒரு முன்னேற்றம்தான். முன்னெல்லாம் கரண்டு நேரங்கெட்ட நேரத்துல போகும். இப்பப் போக வேண்டிய நேரத்துக்குக் கரெக்டா போகுது பாருங்க" என்றார் அபூ ஷிப்லி. நெற்றியில் வியர்வை ஓடியது. தன் வாழ்நாளில் அவர் சொன்ன பொய்களையெல்லாம் சேர்த்தாலும் அன்று மதியம் சொன்னதற்கு ஈடாகாது.

அப்பாவின் தோழர் அபூ தானிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அபூ ஹியாம், நேத்து கூட்டத்துல அவரை மனுஷ உருவத்துல வந்த மழைன்னு நீங்கதானே பேசினீங்க?"

"மழை வந்தா சேறும்தானே வரும்" என்று அப்பா ஒரே போடாகப் போட்டார்.

வரவேற்பறை தலைகீழாகிவிட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் ஜனாதிபதியைத் தூக்கிப் பிடிக்க, அவருடைய சொந்தக் கட்சிக்காரர் அவரைத் துவைத்துக் காயப்போட்டார். குடிநீரைச் சொன்னால் உப்புக் கரிக்கிறது என்றார். அவர் பேச்சைச் சொன்னால் தூக்கம் வருகிறது என்றார். நடுவில் காப்பி ஆறி, மேலே ஆடை கட்டி, அதில் ஒரு ஈயும் உட்கார்ந்து எழுந்துவிட்டது. கதவிடுக்கு வழியாக நிஸாரைப் பார்த்தேன். தலையைக் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அபூ ஷிப்லி கடைசியில் கிண்ணத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், முழங்காலில் கை ஊன்றினார். "இதுக்கு மேல அந்த ஆளைப் புகழ்ந்தா என் தாத்தா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்துடுவாரு. நாங்க கிளம்புறோம், அபூ ஹியாம்."

அவர் எழுவதற்குள் நான் காப்பிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அத்தை பின்னாலிருந்து என்னை எட்டிப் பிடிக்கக் கையை நீட்டினாள். கிடைத்தது என் டாக்டர் கோட்டின் நுனிதான், காலையில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பார்த்துவிட்டு மாற்றாமலேயே இருந்தேன். வலி எங்கே இருக்கிறது என்று நோயாளி எதையாவது சொல்வான். நாம் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்க்க வேண்டும். சரியான பல்லைத் தட்டினால் அவனே துள்ளி எழுந்துவிடுவான். அப்பாவுக்கு எந்தப் பல் என்று எனக்குத் தெரியும்.

"காப்பி ஆறிடுச்சு, மாத்தி வைக்கிறேன்" என்றேன். கிண்ணத்தில் சூடாக ஊற்றினேன். பிறகு சுவரிலிருந்த படத்தைப் பார்த்துச் சாவகாசமாகச் சொன்னேன்: "அப்பா சொல்றது நூத்துக்கு நூறு சரி. இந்த ஆளு ஒண்ணுத்துக்கும் லாயக்கில்ல. பாக்கப்போனா, போன ஆளே தேவலாம்."

அபூ ஷிப்லி எல்லாவற்றையும் மறந்துவிட்டார். மதியம் முழுக்க அடைத்து வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. "அப்படிச் சொல்லும்மா! டாக்டர் பொண்ணு டாக்டர் பொண்ணுதான்! போனவர் காலுல ஒட்டின தூசிக்கு ஈடாவானா இவன்?"

அப்பா எழுந்தார். தன் ஆளைத் தானே திட்டுவதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. ஆனால் போனவரோடு வைத்துத் தராசில் நிறுத்தால் அவர் ரத்தம் வேறு மாதிரி ஓடும்.

"போனவனா? அந்தத் தூங்குமூஞ்சியா?" மீசை ஆடியது. "ஆறு வருஷம் நாற்காலியத் தேய்ச்சதைத் தவிர அந்த ஆளு என்ன செஞ்சான்? இவரு வந்த சூட்டோட எத்தனை வேலை! மந்திரிசபையை அமைச்சது யாரு? தண்ணிக் குழாய மாத்தினது யாரு? என் வீட்டுக்குள்ள உக்காந்து எங்க ஆளைப் பேசுறீங்களா? ஜனாதிபதின்னா இவருதான்யா ஜனாதிபதி! இந்த நாட்டுக்கு இப்படி ஒருத்தர் இதுவரைக்கும் வந்ததே இல்ல! என் மீசை மேல சத்தியம்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. கை இன்னும் மீசையில் இருந்தது. அங்கிருந்து அதை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

அபூ ஷிப்லி மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப நாட்டுக்குத் தலை இருக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் குடுவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"குடிங்க" என்றார். "காப்பியைக் குடிங்க, அபூ ஷிப்லி. கேட்டது கிடைச்சாச்சு."

அபூ ஷிப்லி ஒரே மடக்கில் குடித்தார், சூடு நாக்கைச் சுட்டதைக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. அத்தை குலவையிட்டாள். நிஸார் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

எல்லோரும் போனபின் அப்பா அடுக்களைக்கு வந்தார். நான் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கதவில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"போன ஆளே தேவலாமா?"

"சும்மா சொன்னேன்ப்பா."

"தெரியும். அதான் மன்னிச்சேன்." உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார். "நாடாளுமன்றம் கூடிக் கூடிக் கலைஞ்சுதே, ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு தடவையும் நான் டிவியைப் பாத்துக் கத்துவேன்."

"தெரு முனை வரைக்கும் கேக்கும். நாடு நாசமாப் போச்சுன்னு கத்துவீங்க."

"வெளியில அப்படித்தான் கத்தினேன். உள்ளுக்குள்ள, அப்பாடா, இன்னும் கொஞ்ச நாள் நீ இங்கதான்னு இருக்கும்." ஒரு கிண்ணத்தை எடுத்துத் துடைத்தார். ஏற்கெனவே நான் துடைத்து வைத்த கிண்ணம் அது. "கட்சிக்காரன் எவன்கிட்டயும் சொல்லிடாத. மானம் போயிடும்."

வருஷக்கணக்கில் நாட்டில் ஜனாதிபதி வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே கட்சித் தொண்டர் என் அப்பாதான். அந்த மனிதரை விட்டுவிட்டு நான் போகப்போகிறேன். ஈரக் கையோடு அவரைக் கட்டிக்கொண்டேன்.

அவர் என் தோளுக்கு மேலே வரவேற்பறைச் சுவரைப் பார்த்தார். அங்கே ஜனாதிபதி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"இனிமேலாவது அந்த ஆளு ஒழுங்கா வேலை பாக்கணும்" என்றார் அப்பா. "அவரு நல்லவருன்னு சொன்னதுக்கு நான் என் பொண்ணையே குடுத்திருக்கேன்."