ஜப்பான் கண்ட்ரோல்

சோல்டர் புகையை ஊதித் தள்ளிவிட்டு, கிட்டாரின் புது டோன் கண்ட்ரோல் திருகின் காலில் கடைசி வயரைப் பற்றவைத்தாள் ஜீவராணி. முதுகு மூடியைக் கழற்றிய கிட்டார் மேசையில் குப்புறக் கிடந்தது. மஸ்கெலியா பஜாரில் வீரபத்திரனின் ரேடியோ கடை அது. கழற்றிய பழைய வொலியூம், டோன் கண்ட்ரோல்களைச் சின்னப் பையில் போட்டு, சிவப்பு நூலால் முடிச்சிட்டு, கிட்டாரின் கழுத்தில் தொங்கவிட்டாள். பழைய சாமானைக் கண்ணில் காட்டினால்தான் இந்த ஊர் ஆட்கள் நம்புவார்கள். திருகாணி போட்டு மூடியைப் பூட்டிவிட்டுக் கைகழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது கிட்டாருக்குச் சொந்தக்காரன் தனுஜன் அதை அம்ப்ளிபயரில் செருகித் திருகிக்கொண்டிருந்தான். கல்யாண வீடுகளில் வாசிக்கிறவன். முகம் கறுத்திருந்தது.

“என்னண்ணே இது? கூட்டுனா சத்தம் கொறையுது, கொறைச்சா கத்துது!” என்று வீரபத்திரனிடம் பாய்ந்தான். “என்னோடது ஜப்பான் சாமான். கழுவிப் போட்டா ஓடும்னு சொன்னேன். நீங்கதான் மாத்தணும்னீங்க. பழசு எங்க?”

கிட்டாரின் கழுத்து வெறுமையாக இருந்தது.

“இங்கதாங்க கட்டுனேன், முதலாளி. செவப்பு நூல் போட்டு...”

வீரபத்திரன் அவளை மேலும் கீழும் பார்த்தார். “கட்டுனா எங்க போகும்? கால் மொளைச்சிருச்சா? ஒன் பைய எடுத்துட்டு வா, புள்ள.”

பையை மேசையில் கவிழ்த்தார். குடை, சீப்பு, ரொட்டி சுற்றிய துணி. ரொட்டியைக்கூடப் பிய்த்துப் பார்த்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அம்மாவின் கூடையை இப்படித்தான் கிளறுவார்கள். ஜீவராணிக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனால் இந்த வேலை போனால் நாளைக்கே அவளும் அம்மாவோடு கொழுந்து பறிக்க மலையேற வேண்டியதுதான்.

தனுஜன் கிட்டாரை மறுபடி தோளில் மாட்டினான். அப்போதுதான் கவனித்தாள், அவன் இடது கையால் தந்தியைத் தட்டுகிறான்.

“நீங்க எடக்கையாண்ணே? அப்ப முன்னாடி யாரோ ஒங்க கைக்குத் தோதா, எதிர்ப்பக்கம் திருகுனா கூடுற மாதிரி வயர மாத்திக் குடுத்திருக்காங்க. நான் பழசப் பாக்காம, ரேடியோவுக்குப் போடுற மாதிரியே போட்டுட்டேன்.”

மூடியைத் திறந்து, ஓரக் கால்களில் இருந்த வயர்களை இடம் மாற்றிப் பற்றவைத்தாள். சத்தம் ஒழுங்காக ஏறி இறங்கியது. தனுஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பழசு கெடைச்சா எடுத்து வைங்கண்ணே,” என்று வீரபத்திரனிடம் சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பாமலே ஹட்டன் பஸ்ஸுக்கு ஓடினான்.

வீரபத்திரன் விடவில்லை. “வயரு சரி. சாமான யாரு எடுத்தா? இனிமே வீட்டுக்குப் போறப்ப பையத் தொறந்து காட்டிட்டுப் போ.”

சாயங்காலம் காட்டினாள். ரொட்டித் துணியை உதறிப் பார்த்துவிட்டு, கடைச் சாவியை எடுக்க அவர் மேசை லாச்சியை இழுத்தார். சாவிக்குப் பக்கத்தில் அந்தச் சின்னப் பை கிடந்ததை இருவரும் பார்த்தார்கள். அவள் போட்ட சிவப்பு முடிச்சுகூட அவிழவில்லை.

அவர் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு லாச்சியை மூடினார். “காலையில நேரத்தோட வந்துரு.”

“சரிங்க, முதலாளி,” என்றாள் ஜீவராணி. தன் பையை இன்னும் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தாள்.