நாற்பது சாமான் டப்பா

"அந்த டூல்ஸ் டப்பாவைப் பிரிங்கண்ணா. ஸ்பானரை நட்டுல மாட்டிப் பாக்கணும்."

இதை மட்டும் கேட்டுவிடாதே, கடைக்காரர் கோபித்துக்கொள்வார் என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டு சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டின் முதல் பட்டதாரியான தேவிப்ரியா கூரம் கிராமத்தில் பைக் ரிப்பேர் ஷெட் போடப்போகிறாள். கையிலிருந்த பணம் ஒரு தடவை கருவிகள் வாங்கத்தான் தேறும். இதில் ஏமாந்தால் ஷெட்டே கிடையாது.

"பிரிச்ச டப்பாவ அப்புறம் எவன்மா வாங்குவான்?" என்றார் கடைக்காரர் பூவராகவன்.

"காஞ்சிபுரத்துல கடை வச்சிக்கினு இப்படிக் கேக்கறீங்களே! புடவைக் கடையில அம்பது புடவையப் பிரிக்கச் சொல்லிட்டு, ஒண்ணுகூட எடுக்காம எழுந்து போறாங்க. அவங்களை யாராவது கேக்கறாங்களா?"

பக்கத்தில் ஆணி வாங்க வந்தவர் சிரித்துவிட்டார். பூவராகவன் முணுமுணுத்துக்கொண்டே பிரித்தார். தேவிப்ரியா கொண்டுவந்திருந்த நட்டில் ஸ்பானரை மாட்டினாள். அது கடகடவென்று ஆடியது.

"இதால திருகினா கஸ்டமர் வண்டி நட்டு மழுங்கிடும்ணா."

"நாப்பது சாமான் இருக்குதேம்மா, இந்த விலைக்கு!"

"எனக்கு ஆடாத எட்டு போதும். உதிரியா நல்லது இருக்குதா?"

"செட்டாத்தான் விக்கறோம்."

"அப்ப உதிரியா விக்கறவங்ககிட்ட வாங்கிக்கறேன்" என்று நட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.