கம்பி கட்டிய கப்பல்

1.

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் மேல் ஆணை. அது போதாது என்றால் உங்கள் மேலும் ஆணை. ஒரு காற்புள்ளியைக்கூட நான் கற்பனையாகப் போடவில்லை.

கதை கிடைத்த விதத்தையும் ஒளிக்கப்போவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வலது கன்னம் வீங்கி, முகம் இரண்டு பேருடையது போல ஆகிவிட்டது. பல் மருத்துவமனை பூட்டிக் கிடந்தது. இரண்டு தெரு தள்ளி ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார், போய்க் கதவைத் தட்டினேன். கன்னத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் என்னை உட்காரவைத்து, சாப்பாட்டு மேசைமேல் நின்ற ஒரு மரக்கப்பலைக் காட்டி, அது உருவான கதையை மூன்று மணி நேரம் சொன்னார். குறுக்கே பேச எனக்கு வாய் இல்லை. அவருக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். நாற்பது வருடமாக வாயில் பஞ்சு அடைத்தவர்களிடமே பேசிப் பழகியவர்.

என் பல்லுக்கு அவர் ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன். எழுதுவதற்கு இதைவிட உயர்ந்த காரணம் உண்டு என்று சொல்கிறவர்களுக்குப் பல்வலி வந்ததில்லை.

2.

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

‘கடலையே பார்த்திராத ஒரு மனிதர் கப்பல் கட்டத் தொடங்கிய அந்த மாலையில், வானம்—’

[வானத்துக்கு இங்கே என்ன வேலை? கதை முழுக்க வீட்டுக்குள் நடக்கிறது. விளக்கு எரிந்தது என்று வேண்டுமானால் எழுதலாம்.]

‘ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் ஒரு கப்பல்—’

[இதை எழுதிய கையை அன்று முழுவதும் பேனாவைத் தொடவிடவில்லை.]

‘சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு இரண்டு வருடம் ஆகிறது என்றாள் டாக்டரின் மனைவி.’

இது பரவாயில்லை. இதில் ஒரு மேசை இருக்கிறது, ஒரு எரிச்சல் இருக்கிறது. கதைக்கு வேறென்ன வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கப்பல் என்றால் வாழ்க்கை, பாய் என்றால் ஆசை, நங்கூரம் என்றால் மனைவி என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே படிக்கும் வாசகர் இங்கேயே இறங்கிவிடலாம். இது முழங்கை நீளத்தில் ஒரு மரச்சாமான். பெட்டியில் வந்தது. பெட்டியின் மேல் படம் அழகாக இருந்தது, உள்ளே விறகு இருந்தது.

3.

டாக்டர் தானாக ஓய்வு பெறவில்லை. பெறவைத்தார்கள்.

அவருடைய வலது கை மெல்ல நடுங்கத் தொடங்கியிருந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. ஒரு நாள் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் சொத்தைப் பல்லைப் பிடுங்க வந்தார். டாக்டர் பக்கத்திலிருந்த நல்ல பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். எப்படியும் ஒரு நாள் போகிற பல்தானே என்று சமாதானமும் சொன்னார். தலைமையாசிரியை அதை ஒரு டப்பாவில் போட்டு, அடுத்த அறையிலிருந்த இன்னொரு டாக்டரிடம் கொண்டுபோய்த் திறந்து காட்டினார். அந்த இன்னொரு டாக்டர், நம் டாக்டரின் மருமகன். அதுவரை மாமனாரின் மருத்துவமனையில் இரண்டாவது அறையில் உட்கார்ந்திருந்தவர், அடுத்த திங்கட்கிழமை முதல் அறைக்கு வந்துவிட்டார்.

மருமகனைக் கெட்டவனாக எழுதத்தான் ஆசை. எழுதிப் பார்த்தேன், மீசையெல்லாம் வைத்தேன். வரவில்லை. மனிதர் மரியாதை தெரிந்தவர். மாமனாரைத் துரத்தும்போதுகூடக் கையில் பரிசோடு வந்தார். மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பல் ஒன்றைச் செய்வதற்கான கிட். இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு துண்டுகள் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது.

கையைச் சும்மா வைத்திருந்தால்தான் நடுக்கம் வரும் என்று அவர் விளக்கினார். பிறகு சொன்ன வாக்கியம்தான் டாக்டரைப் பிடித்துக்கொண்டது.

“இதை முழுசா உங்க கையால முடிச்சுக் காட்டுங்க மாமா. அப்புறம் வாரத்துல ரெண்டு நாள் அந்த நாற்காலி உங்களுக்குத்தான்.”

பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே மகள் தொலைபேசியில் அம்மாவிடம், அப்பா ஒரு வாரத்தில் விட்டுவிடுவார் என்றாள். அம்மா, உங்கப்பா எதை விட்டிருக்கார் என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். டாக்டர் அதற்குள் மேசையில் விரித்திருந்த துணியை எடுத்துவிட்டு, துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு இருந்தது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்த ஒரு துண்டு என்ன ஆனது என்று கேட்டு யாரும் எழுதவேண்டாம். தெரியாது. எந்தப் பெட்டியில் எல்லாம் சரியாக இருந்திருக்கிறது?)

4.

கப்பல் செய்கிற வேலை இப்படி: நடுவே முதுகெலும்பு போல ஒரு நீளப் பலகை. அதில் விலா எலும்பு போலக் குறுக்குச் சட்டங்கள். அதன்மேல் தீக்குச்சியைவிடக் கொஞ்சம் அகலமான மரப்பட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, வளைத்து, பசை தடவி ஒட்டவேண்டும். பக்கத்துக்கு நாற்பத்தெட்டு. இதில் ஒரே ஒரு விதிதான் உண்டு. வலது பக்கம் ஒரு பட்டை ஒட்டினால், உடனே இடது பக்கம் ஒன்று. மாற்றி மாற்றி. ஏனென்றால் ஈரப்பட்டை காயும்போது தன் பக்கமாக இழுக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுத்தால்தான் நடுப்பலகை நேராக நிற்கும்.

கூட வந்த கையேட்டில் இது ஐந்து மொழிகளில் எழுதியிருந்தது. ஐந்தும் டாக்டருக்குத் தெரியாத மொழிகள். படமும் போட்டிருந்தார்கள். படம் பார்த்து வேலை செய்கிறவன் கம்பவுண்டர் என்பது அவர் கொள்கை.

அவர் தனக்குத் தெரிந்த முறையில் செய்தார். நோயாளியைக் கிடத்துவது போலக் கப்பலைக் கிடத்தினார். தலைப்பக்கம் விளக்கு. குறடு, கொக்கி, சின்னக் கண்ணாடி எல்லாம் வலது கைப்பக்கம் தட்டில். நாற்பது வருடமாக நின்ற இடத்தில், வலது பக்கத்தில், நின்றார். அங்கிருந்து கைக்கு எட்டிய பட்டைகளை ஒட்டினார். நாற்பத்தெட்டையும் ஒரே பக்கமாக. இடது பக்கம் நர்ஸ் நிற்கிற பக்கம். அங்கே போய் நிற்க அவருக்குத் தோன்றவேயில்லை.

பதினோரு நாள் கழித்துக் கப்பல், பின்னால் யாரோ கூப்பிட்டது போல வலது பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இது கடல்ல விட்டா கிளம்பின இடத்துக்கே வந்துடும்போல,” என்றாள் மனைவி.

“நல்லதுதானே,” என்றார் டாக்டர். அன்று அவர் சாப்பிடவில்லை.

[இங்கே அவர் சோகத்தை ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். சன்னல், மழை எல்லாம் வந்தது. கிழித்துவிட்டேன். கையேட்டின் படத்தைப் பார்க்க மறுத்த மனிதருக்கு மழை எதற்கு?]

5.

வேறு யாராக இருந்தாலும் பட்டைகளைப் பிரித்துவிட்டு மறுபடி தொடங்கியிருப்பார்கள். டாக்டருக்குக் கோணல் என்றால் ஒரே ஒரு வைத்தியம்தான் தெரியும்.

கம்பி கட்டினார்.

நான் மிகைப்படுத்தவில்லை, முதல் வரியில் ஆணையிட்டிருக்கிறேன். மருத்துவமனையில் வேலைசெய்யும் நர்ஸ் பழைய விசுவாசத்தில் ஒரு சுருள் பல்கம்பியும், ஒரு டப்பா கொக்கியும் கைப்பையில் கொண்டுவந்து கொடுத்தாள். கப்பலின் இடது பக்கத்தில், முன் நுனியிலிருந்து பின் நுனிவரை, சட்டத்துக்குச் சட்டம் கொக்கி வைத்துக் கம்பியை மாட்டினார். மூன்று வாரத்துக்கு ஒரு முறை அரைத்திருகு முறுக்கினார். கப்பலுக்கென்று ஒரு சீட்டுப் போட்டு அடுத்த தேதியைக் குறித்து வைத்தார். முறுக்கின அன்று மேசையை யாரும் ஆட்டக்கூடாது, அதற்கு வலிக்கும் என்று சொன்னதாக மனைவி சொல்கிறாள். வலிக்கும் என்று சொல்லவில்லை, பசை விட்டுவிடும் என்றுதான் சொன்னேன் என்கிறார் டாக்டர். நான் மனைவி பக்கம்.

எட்டு மாதத்தில் கப்பல் நிமிர்ந்தது. ஏறக்குறைய. இடது பக்கப் பட்டைகளை, இந்த முறை நர்ஸ் நிற்கிற இடத்தில் நின்று, ஒட்டி முடித்தார். அன்று கண்ணாடி முன்னால் போய்க் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார். கண்ணாடியில் இருந்தவர் கை நடுங்கியது.

6.

இப்போது மனைவியைப் பற்றி. இந்த அம்மாள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுத எழுத ரொம்பவும் நல்லவளாகிக்கொண்டே போகிறாள். அதனால் ஒரு கெட்ட குணம் சேர்க்கிறேன்: பக்கத்து வீட்டு வாசலில் கிடக்கும் செய்தித்தாளை விடியுமுன் எடுத்துவந்து, குறுக்கெழுத்தைப் பேனாவால் நிரப்பி, மடித்துத் திரும்ப அங்கேயே வைத்துவிடுவாள். அதுவும் இரண்டு கட்டத்தைக் காலியாக விட்டு.

ஓய்வுபெறும்வரை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கிக்கு முன் உட்கார்ந்தவள். இடது கைக்காரி. கை கல் மாதிரி.

கப்பலில் கடைசியாக மிஞ்சியது கயிற்று ஏணிகள். பாய்மரத்தின் இரண்டு பக்கமும் மேலே போகிற நூல்களில், படிக்குப் படி குறுக்கு நூல் கட்டவேண்டும். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு முடிச்சு. ஒவ்வொன்றும் கடுகைவிடச் சின்னது. டாக்டர் முதல் நாள் முழுக்கப் போராடி நான்கு கட்டினார். மறுநாள் அந்த நான்கையும் வெட்டி எடுத்தார். அவற்றைப் பார்த்தால் யாரோ தும்மியது போல இருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல் அரைமணி தூங்கி எழுந்து வந்தால், முப்பது முடிச்சு கட்டியிருந்தது. ஒரே அளவு, ஒரே இறுக்கம். எல்லாம் இடமிருந்து வலமாகத் திரும்பிய முடிச்சு. நாற்பது வருடம் தையல் போட்ட மனிதருக்கு அது யார் கை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நூலை அளவாக வெட்டி வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போனார். அதுவரை அரைமணி தூங்கியவர், அன்றிலிருந்து இரண்டு மணி தூங்கினார்.

இதைத்தான் நம் ஆட்கள் தாம்பத்தியத்தின் மௌனம் என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறார்கள். எனக்கு இது ஆள்மாறாட்டமாகப் படுகிறது. அந்த முடிச்சுகளைக் காட்டி அவர் நாற்காலியைத் திரும்ப வாங்கினால், அடுத்து அந்தக் கை ஒரு வாய்க்குள் போகும். அது யார் வாய் என்று அந்த அம்மாள் யோசித்தாளா?

யோசித்திருக்கிறாள். ஒரு பிற்பகல், கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்த டாக்டரின் காதில் விழும்படி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்:

“எனக்கு என் மேசை வேணும். அந்த மனுஷனுக்கு அவர் கை வேணும். ரெண்டுல ஒண்ணுதான் என்னால குடுக்க முடியும்.”

7.

ஆறு முடிச்சு மீதி இருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் மருமகன் வந்துவிட்டார்.

நெற்றியில் பல் பார்க்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கப்பலைச் சுற்றி வந்தார். கன்னத்தை விலக்கிப் பார்ப்பது போல ஒவ்வொரு பாயையும் விலக்கிப் பார்த்தார்.

“லேசா வலது பக்கம் திரும்புதே மாமா.”

“காத்து அப்படி,” என்றார் டாக்டர்.

மருமகன் ஏணிகளிடம் வந்தார். வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் நிஜமான மரியாதை இருந்தது. அதுதான் வினையாகப் போனது.

“பிரமாதம் மாமா. இந்த மாதிரி முடிச்சு என்னால முடியாது. ஆறு பாக்கி இருக்கு போல. ஒண்ணு கட்டுங்களேன், பாக்கறேன்.”

வாசற்படியில் நின்ற மனைவி, முதலில் சாப்பிடலாமே என்றாள்.

“எங்க சாப்பிடறது அத்தை? மேசையிலதான் கப்பல் நிக்குதே.”

இந்த இடத்துக்கு மூன்று முடிவு எழுதினேன். முதலாவதில் டாக்டர் கையில் நடுக்கமே இல்லாமல் முடிச்சு விழுகிறது, நாற்காலி கிடைக்கிறது, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட முடிவுகளைப் படித்துத்தான் நமக்குச் சொத்தை விழுந்தது. இரண்டாவதில் அவர் உண்மையைச் சொல்லிவிட, மருமகன் அத்தையை வேலைக்குக் கூப்பிடுகிறார். கைதட்டு வரும் என்று நிச்சயமாகத் தெரிந்ததால் அடித்தேன். மூன்றாவதில் மருமகன் எதையும் சோதிக்காமல் கப்பலைத் தூக்கிப்போய் மருத்துவமனை வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார். கப்பலுக்கு இடம் கிடைக்கிறது, டாக்டருக்கு இல்லை. இது கொஞ்சம் நன்றாக வந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டு—

டாக்டர் என்னிடம் சொன்னது இதுவரைதான்: அவர் வலது பக்கம் போய் நின்றார். தட்டிலிருந்து குறடை எடுத்தார். நூலின் நுனியைக் கவ்வினார். மனைவியைப் பார்க்கவில்லை. கையைக் கொண்டுபோனார். நூல் நுனிக்கும் அது நுழையவேண்டிய வளையத்துக்கும் நடுவே ஒரு அரிசி நீளம் இடைவெளி இருந்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு அவர் வலது கையை எடுத்து மடியில் வைத்து, மேலே இடது கையைப் போட்டுக்கொண்டார். நானும் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த அரிசி நீளத்தை உங்களிடம் விடுகிறேன். உங்கள் கை எப்படி என்று எனக்குத் தெரியாது. நுழையும் என்றால் நுழைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன்பிறகு புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அந்த நாற்காலியில் வாயைத் திறந்து படுக்கவேண்டியவரும் நீங்கள்தான்.

8.

டாக்டருக்கும் அவர் மனைவிக்கும் குழந்தைகள் கிடையாது. மகளும் மருமகனும் நான் போட்ட காற்புள்ளிகள்.