இரண்டாம் பானை

இரண்டாம் உலக யுத்தத்தின் மூன்றாம் வருடத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த பிள்ளை வீட்டில், ஒரு பிள்ளைக்கு ஊட்டிய கஞ்சி எல்லாப் பிள்ளைகளின் வயிற்றிலும் சமமாகச் சேர்ந்தது. அந்தக் கிழமை மண்ணெண்ணெய் விலை ஏறியிருந்தது, சூடை மீன் மலிந்திருந்தது. ஊரார் மூன்றையும் ஒரே மூச்சில் பேசிவிட்டு வேலைக்குப் போனார்கள்.

பிள்ளை வீடு அதற்கு முந்தைய வருடம் தொடங்கியது. சீனக்குடாவில் விமானத் தளத்துக்கு மண் சுமக்கவும் எண்ணெய்த் தாங்கிகளுக்குக் கல் உடைக்கவும் பெண்கள் போனார்கள். கைப்பிள்ளைகளை மர நிழலில் கிடத்திவிட்டு வேலை செய்தார்கள். ஒரு பிள்ளை தார்ப் பீப்பாவுக்குள் விழுந்து செத்த அன்று, பெண்கள் எல்லோரும் கூடைகளைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஓர் இடம் கிடைக்கும்வரை கூடை நிமிரவில்லை. கடைசியில் தளத்துத் துரைமார் பழைய கயிற்றுக் கிட்டங்கி ஒன்றைத் திறந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் வேலை செய்த பூரணி பொறுப்புக்கு வந்தாள். அவள் முதலில் கிணற்றுக்கு மூடி போட்டாள். பிறகு யன்னல்களுக்கு நுளம்பு வலை அடித்தாள். மண்ணெண்ணெய்ப் போத்திலைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டாள். கொதித்து ஆறாத தண்ணீர் ஒரு பிள்ளையின் வாய்க்கும் போகவில்லை. கை கழுவாத தாய் பால் கொடுக்கவும் உள்ளே வர முடியவில்லை. குரக்கன் கஞ்சிக்குள் பயறும் முருங்கையிலையும் தேங்காய்ப் பாலும் சேர்த்து ஒரே பானையில் காய்ச்சினாள். அந்தப் பானையில் பெரியவர்கள் யாரும் வாய் வைக்கக் கூடாது என்பது அவளுடைய சட்டம். உப்புப் பார்க்கக்கூட அவள் நாக்கில் வைத்ததில்லை, மணந்துதான் பார்த்தாள்.

கஞ்சி குடித்த முதல் நாளே பங்கு தொடங்கியது. வெறும் தேத்தண்ணியோடு ஒரு பிள்ளை வந்தால் எல்லாப் பிள்ளைகளும் பசியில் அழுதார்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எல்லா நெற்றியும் இளஞ்சூடாகி, விளையாட்டு நிற்காமலே ஆறிப்போனது. சிரங்கு மட்டும் பங்காகவில்லை. ஆகவே சிரங்குக்குத் தனிப்பாய் போட்டாள். கிட்டங்கியில் வயிற்றோட்டம் வந்து ஒரு பிள்ளையும் சாகவில்லை. அந்த வருடம் அக்கம்பக்கத்துக் குடிசைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கல் உடைக்கும் கனகம்மாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. தன் மகனுக்கு வீட்டில் ஊட்டிய முட்டை அவன் உடம்பில் நிற்கவில்லை என்று சண்டைக்கு வந்தாள்.

"நான் அவிச்சுக் குடுத்த முட்டை ஊர்ப் பிள்ளையள் எல்லாற்ற வயித்துக்கும் போகுது. இது என்ன ஞாயம்?"

"போன கிழமை உங்கட பொடியன் காய்ச்சலோட வந்தவன்," என்றாள் பூரணி. "அந்தச் சூட்டையும் ஊர்ப் பிள்ளையள்தான் தாங்கினது. அதுக்கும் ஞாயம் கேளுங்கோவன்."

கனகம்மா மகனைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாளில் இருந்து மகனுக்கு இரண்டு முட்டை ஊட்டினாள். ஒன்று பங்குக்குப் போனாலும் மற்றதாவது நிற்கட்டும் என்பது அவளுடைய கணக்கு.

நாற்பத்திரண்டாம் வருடம் சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்னால் யப்பான்காரர் காலையில் வந்து துறைமுகத்தில் குண்டு போட்டார்கள். பிள்ளை வீட்டின் கூரை பறந்தது. பிள்ளைகள் அதற்குள் பதுங்கு குழியில் இருந்தார்கள், சைரனுக்கு ஓடிப் பழக்கியிருந்தாள் பூரணி. தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வள்ளத்தில் மூதூருக்கும், அங்கிருந்து மாட்டு வண்டியில் கிளிவெட்டிக்கும் போனார்கள். பூரணி பானையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வண்டியில் ஏறினாள். கிளிவெட்டியில் ஒரு நெல் களஞ்சியம் காலியாகக் கிடந்தது. மறுநாளே அதற்கு வலை அடித்து, கிணற்றை மூடி, அடுப்பு மூட்டினாள். பங்கு அங்கேயும் தவறவில்லை. தாய்மார் வயல் வேலைக்குப் போனார்கள்.

வைகாசியில் மூதூரிலிருந்து பல்கீஸ் வந்தாள். துறைமுகத்தில் குண்டு விழுந்த அன்று அவளுடைய கணவர் அங்கே வேலையில் இருந்தவர், திரும்பி வரவில்லை. அவளுடைய தோளில் இரண்டு வயது மகன் தாஹிர் மலேரியாவில் எரிந்துகொண்டு கிடந்தான். வழியில் இரண்டு தரம் வலிப்பு வந்திருந்தது. கிளிவெட்டியில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த அப்போதிக்கரி சோமசேகரம் அவனுடைய கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார்.

"கொயினா குடுத்திட்டன். அது பிடிக்க நேரம் வேணும். அதுவரைக்கும் இந்தச் சூட்டைத் தாங்க இந்த உடம்பால ஏலாது."

பல்கீஸ் நேரே களஞ்சியத்து வாசலுக்கு வந்தாள்.

"ராத்தா, எண்ட புள்ளைக்கும் ஒரு பேணி ஊத்துங்க. உங்கட பானையத்தான் மூதூர் முழுக்கக் கதைக்காங்க."

பூரணி வாசலை மறித்து நின்றாள். பிள்ளையின் சூடு எட்ட நின்ற அவளுடைய கையிலேயே அடித்தது. "ஏலாது தங்கச்சி. உள்ளுக்கு இருக்கிறது எல்லாம் சின்னனுகள். இவ்வளவு சூட்டையும் நான் அதுகளுக்குப் பிரிச்சுக் குடுக்கமாட்டன்." அவள் வழிவிடவில்லை. போகச் சொல்லவும் வாய் வரவில்லை. பாய் ஒன்றை வெளியே மர நிழலில் விரித்து, பிள்ளையை அதில் கிடத்தி, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துணி போட்ட கையோடு காய்ந்தது.

மத்தியானம் தாய்மார் வயலால் வந்து சுற்றி நின்றார்கள். எல்லோருக்கும் விஷயம் விளங்கியது. ஒருத்தியும் தன் பிள்ளையைத் தருகிறேன் என்று சொல்லவில்லை, பூரணியும் அதை எதிர்பார்க்கவில்லை. கனகம்மாதான் கேட்டாள்.

"பிள்ளையளின்ட பானையில நாங்கள் வாய் வைக்கக் கூடாது, சரி. வேற பானை வச்சால்? இந்தப் பொடியனும் நாங்களும் ஒரு பானையில குடிச்சால் பங்கு எங்களுக்கு வருமோ?"

"தெரியாது. ஒரு நாளும் செஞ்சு பாக்கேல்லை."

"அப்ப உலையை வையும்."

யாரோ ஒருத்தி வீட்டிலிருந்து புதுப் பானை கொண்டுவந்தாள். வயிற்றில் பிள்ளை உள்ளவளையும் பால் கொடுக்கிறவளையும் பூரணி வரிசையால் எழுப்பி அனுப்பினாள். மற்றவர்கள் கை கழுவிவிட்டு மர நிழலில் வட்டமாக இருந்தார்கள். தாஹிரின் வாயில் பூரணி கரண்டியால் கஞ்சி விட்டாள். பல்கீஸ் குடித்தாள். கனகம்மா பேணியை வைத்துவிட்டு, "ஆ, வருது," என்று சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினாள். பிறகு அது வட்டத்தைச் சுற்றி வந்தது. வெயிலில் பெண்கள் பல் கிட்டி நடுங்கினார்கள், எல்லோருடைய நாக்கிலும் கொயினா கசந்தது. சோமசேகரம் ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து வெப்பமானியை ஒவ்வொரு வாயாக வைத்துப் பார்த்தார். எல்லா வாயிலும் ஒரே அளவு, ஆளைக் கொல்லாத அளவு. பொழுது சாய முன்னம் தாஹிர் கண்ணைத் திறந்து, "தண்ணி," என்றான். பல்கீஸ் அப்போதுதான் அழுதாள். கொதித்து ஆறிய தண்ணீரா என்று பார்த்துவிட்டுத்தான் பூரணி பேணியைக் கொடுத்தாள்.

காய்ச்சல் முறை வைத்துத் திரும்பத் திரும்ப வந்தது. பெண்கள் அந்த நாளுக்கு வயலில் ஆள் மாற்றிவிட்டுப் பாய் விரித்துப் படுத்து, நடுங்கி முடித்து எழுந்து போனார்கள். மழை தொடங்குமுன் அவன் ரத்தம் தெளிந்தது. பல்கீஸ் அங்கேயே தங்கிப் பூரணியோடு சமைத்தாள். தாஹிருக்கு மட்டும் இரண்டாம் பானையிலேயே வார்த்தார்கள்.

யுத்தம் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பினார்கள். பிள்ளைகளுக்குப் பால்பல் விழும்போது பங்கும் விழுந்துவிடும் என்பது அப்போது தெரியவந்தது. தாஹிருக்குப் பல் விழுந்ததோடு அந்தத் தாய்மாரின் பசியோ தலையிடியோ அவனைத் தொடவில்லை. தாய்மாருக்கு விழுவதற்குப் பால்பல் இல்லாதபடியால், அவனுடைய பங்கு அவர்களுக்கு வந்துகொண்டே இருந்தது. அவன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டபோது கனகம்மா நடுத்தெருவில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சோதனைக்குப் படித்து அவன் தூங்காத மாதத்தில் ஊரில் கொஞ்சப் பெண்கள் மத்தியானத்தில் கொட்டாவி விட்டார்கள். ஒருத்தியும் வைத்தியம் தேடவில்லை.

தாஹிரின் கலியாணம் மூதூரில் நடந்த அன்று கொண்டல் காற்று, வள்ளம் ஓடவில்லை. போக முடியாமல் கனகம்மா வீட்டில் இருந்தாள். மருமகள் சோறு போட்டுக் கொண்டுவந்தபோது அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்தாள்.

"எனக்கு வேண்டாம் பிள்ளை. ஆட்டிறைச்சி கொஞ்சம் உறைச்சுப் போச்சுது. வட்டிலப்பம் நல்லம்."

மருமகள் சோற்றைத் திருப்பிப் பானையில் போட்டு மூடிவிட்டு, சீரகத் தண்ணி கொதிக்க வைத்தாள்.