பரணில் அடைத்த குழாய்

மேல்வீடுகளில் யாராவது ஃப்ளஷ் இழுத்தால் எங்கள் குளியலறைத் தரையின் வடிகால் கொப்பளிக்கும். முதலில் கடகடவென்று சத்தம். பிறகு உறிஞ்சும் சத்தம். பிறகு நாற்றம். ஒரு கட்டடம் முழுவதன் மலம், புளித்த சோப்பு, எவரோ ஊற்றிய பழைய எண்ணெய். துண்டு, தலையணை, என் மகள் தேயாவின் தலைமுடி எல்லாவற்றிலும் அது ஏறியிருந்தது.

என் மனைவி இஸ்க்ரா கோடையில் இறந்தாள். இந்தச் சத்தம் இலையுதிர்காலத்தில் தொடங்கியது.

லோவெச் ஊரிலிருந்து வந்த மாமியார் நெவ்யானா, பேத்தியை முத்தமிடக் குனிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பிள்ளை தலையில சாக்கடை நாத்தம் அடிக்குது மாப்பிள்ளை. அடுத்த சனிக்கிழமை வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா கூட்டிட்டுப் போயிடுவேன்."

நானும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் தேயாவைக் குளிப்பாட்டினேன்.

பிளம்பர் வந்தான். கம்பி விட்டு, முடியும் சளியும் முறுக்கிய கறுப்புத் திரி ஒன்றை இழுத்தான். அதை என் முகத்துக்கு நேரே ஆட்டி, "இதான் சார் வில்லன்" என்றான். அன்று மாலையே வடிகால் மறுபடி கொப்பளித்தது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். வடிகாலின் வளைவில் தேங்கும் தண்ணீர்தான் நாற்றத்தைத் தடுப்பது. மேலே ஃப்ளஷ் இழுத்ததும் அது என் கண்ணெதிரே இறங்கிக் காணாமற்போனது. கழிவுக் குழாய்க்கு மேலிருந்து காற்று வரவில்லை. அதனால் எங்கள் வீட்டிலிருந்து உறிஞ்சுகிறது. குழாயின் மேல்முனை கட்டடக் கூரைக்கடியிலுள்ள பரணில் இருந்தது. பரணின் சாவி மேல்மாடி ஸ்தான்யோவிடம். சனிக்கிழமைதான் திறப்பான்.

சனிக்கிழமை மாமியார் முதல் பேருந்திலேயே வந்துவிட்டாள். வடிகாலைப் பார்த்தாள். தேயாவின் துணிகளைப் பையில் திணித்தாள். அவளுக்குக் கோட்டையும் மாட்டிவிட்டாள்.

"கொஞ்சம் பொறுங்க அத்தை" என்று மேலே ஓடினேன்.

பரணில் ஸ்தான்யோ, குளிர்காலத்துக்காக உப்புநீரில் முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாய்முன் மண்டியிட்டிருந்தான். வாயில் ரப்பர் குழாய். ஊறுநீரைக் கலக்கிவிடக் கன்னம் உப்ப ஊதினான். பீப்பாய்க்குள் குமிழ்கள் வெடித்தன. பக்கத்தில் கழிவுக் குழாயின் முனை. அதில் ஒரு பழைய ஸ்வெட்டரை அடைத்து நைலான் கயிற்றால் கட்டியிருந்தான்.

"வா தம்பி. கோஸ் சாறு குடிக்கிறியா? போதை தெளிய நல்லது."

கோப்பையை நீட்டினான். மேலே வெள்ளை ஆடை மிதந்தது.

"இந்தக் குழாயை யாருண்ணே அடைச்சது?"

"நான்தான். பீ நாத்தம் கோஸ்ல இறங்கினா எவன் திம்பான்?"

"இப்ப என் வீட்டுல இறங்குது."

"கோஸ் ஊறி முடியணும். கிறிஸ்துமஸ் வரைக்கும் பல்லைக் கடிச்சிக்க. உனக்கும் ஒரு வாளி தர்றேன். பொம்பள இல்லாத வீடு, சமைக்க யாரு இருக்கா பாவம்."

நான் கயிற்றை அவிழ்த்தேன். அவன் ஈரக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தான். ஸ்வெட்டரை உருவினேன். குழாய் நீளமாகப் பெருமூச்சு விட்டது. பரண் முழுவதும் நாறியது.

"போச்சு! என் கோஸ் போச்சு!"

"அது போய் ரொம்ப நாளாச்சு" என்றது வாசலிலிருந்து ஒரு குரல். தேயாவை இடுப்பில் வைத்தபடி நெவ்யானா. பீப்பாய்க்குள் கையை விட்டு ஓர் இலையை எடுத்தாள். அழுகிய கோழை நூல்நூலாகத் தொங்கியது.

"இது மேல நாத்தம் இறங்கிடுமாம்! உனக்கு மூக்கு எதுக்கய்யா, கண்ணாடி மாட்டவா? போ, போய் உன் வீட்டு ஃப்ளஷ்ஷை இழு. நாங்க கீழ பாக்கணும்."

ஸ்தான்யோ முனகிக்கொண்டே போனான்.

கீழே வந்து வடிகாலில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு நானும் மாமியாரும் குனிந்து நின்றோம். சுவருக்குள் கழிவு தடதடவென்று இறங்கியது. வளைவிலிருந்த தண்ணீர் நடுங்கியது. இறங்கவில்லை.

அவள் இன்னும் குனிந்து முகர்ந்தாள். எழுந்து போய்ப் பையைக் கவிழ்த்து, துணிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து தரையில் எறிந்தாள்.

"இதுல நாத்தம். இதுலயும். சீ! எல்லாத்தையும் துவைச்சுப் போடு. ஈரத் துணியோட நான் பஸ்ல போக முடியாது."

"காய ரெண்டு நாளாகும் அத்தை."

"மறுபடி சத்தம் கேட்டா போன் பண்ணு. அப்ப வந்து கூட்டிட்டுப் போறேன்."

கோழை படிந்த கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தேயாவின் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினாள்.