அவலூர்பேட்டைக்குச் சொன்ன பதில்

எங்கள் மகள் நிதா ஆஸ்திரேலியாவில் ஒரு தேசியப் பூங்காவில் ரேஞ்சர். செஞ்சியில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் விசாரித்தால் மட்டும் என் வீட்டுக்காரர் அமீர் ஜான், "ஆபீஸ்ல இருக்குது" என்பார். அவலூர்பேட்டையிலிருந்து வந்த சம்பந்தத்துக்கும் அதையேதான் சொல்லிவைத்திருந்தார். சாயங்காலமானால் விசில் ஊதி ஆட்களை விரட்டுகிற செஞ்சிக் கோட்டை வாட்ச்மேனைத்தான் அவருக்குத் தெரியும். அந்த வேலைக்கா மகள் கடல் தாண்டிப் போனாள் என்று ஒரே குமைச்சல். எனக்கு அவர் மேல்தான் எரிச்சல்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனோம். வீடு உயரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் கருங்கல் உருண்டைகள் ஏறி நிற்கிற மலை. காரைவிட்டு இறங்கியதுமே இவர் ஆரம்பித்துவிட்டார். நம் கோட்டை நிற்கிற ராஜகிரி மலை பக்கத்தில் பிறந்தவனுக்குக் கல்லைக் காட்டவா இத்தனை தூரம் கூட்டிவந்தாய் என்றார். நிதா சிரித்துக்கொண்டே யூனிபார்ம் தொப்பியை மாட்டினாள்.

உச்சிக்குப் போகிற வழியில் செங்குத்தாக ஒரு பாறை. அதன் நடுவில் வயதான வெள்ளைக்காரர் ஒருவர், ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் ஒட்டிக்கொண்டு கிடந்தார். கால் வெடவெடவென்று நடுங்கியது. கீழே அவர் மனைவி அழுதுகொண்டிருந்தார். நிதா அதட்டவில்லை, அவசரப்படவுமில்லை. கயிற்றோடு ஏறி அவர் பக்கத்தில் ஒரு விளிம்பில் காலை ஊன்றிக்கொண்டு, நடுக்கம் அடங்கும்வரை ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பிறகு கயிற்றை மேலே ஒரு கல்லில் மாட்டி, அவர் இடுப்பில் கட்டி, அவருக்குக் கீழே தான் நின்று, ஒவ்வொரு பாதமாகப் பிடித்துவைத்துப் பத்திரமாக இறக்கினாள். அந்த அம்மாள் நிதாவைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. பெற்ற வயிறு குளிர்வது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இவர் குனிந்து மகளுடைய கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து இவருக்குப் போன் வந்தது. அவலூர்பேட்டை மாப்பிள்ளையின் தகப்பனார். பெண் எந்த ஆபீஸில் இருக்கிறாள் என்று அவர் விசாரித்தது எங்கள் காதிலும் விழுந்தது. நிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவர் என்ன சொல்வாரோ என்று நான் இவர் வாயையே பார்த்தேன்.

"ஆபீஸ்லாம் இல்லீங்க. நான்தான் மறைச்சுட்டேன். எம் பொண்ணு மலையப் பாத்துக்குது, மலைக்கு வர்ற ஜனத்தையும் பாத்துக்குது. இப்பதான் ஒரு உசுர எறக்கிட்டு வந்து நிக்குது. உங்களுக்கு ஒத்துவந்தா வாங்க. இல்லன்னா எங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

போனை என் கையில் கொடுத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"தொப்பிய நேரா வெச்சுக்கிட்டு நில்லும்மா. ஒரு போட்டோ எடுக்கணும். கடையில மாட்டப்போறேன்."