பத்து எண்ணும் வரை

காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மிக்ஸி ரிப்பேர் கடையில் வேலை செய்வது ஜாவீத், பேசுவது அவர் மனைவி ஷரீபுன்னிசா. இருபத்து நான்கு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. யாராவது மிக்ஸியைக் கொண்டு வந்து வைத்தால் அவர் அதைத் திருப்பிப் பார்ப்பார், மூக்கருகே கொண்டு போய் முகர்வார், இரண்டு விரலைத் தூக்குவார். உடனே ஷரீபா, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது, சாயங்காலம் வாருங்கள் என்று சொல்லிவிடுவாள். மணிக்கட்டை உதறினால் மோட்டாரின் காயில் கருகிவிட்டது என்று அர்த்தம். உதட்டைப் பிதுக்கினால், இதை வைத்துக்கொண்டு அழுவதைவிடப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

ஜாவீதுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். தன் பெயரைச் சொல்வதற்கே முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்துவிடும். ஊருக்குள் ஊமை மிக்ஸிக்காரர் என்று ஒரு பெயர் கிளம்பியபோது ஷரீபா சந்தை நாளில் நடுக்கடைவீதியில் நின்று சண்டை போட்டிருக்கிறாள்.

"அவருக்கு வாய் இருக்குதுங்க. அது நான்தான்" என்று அன்றைக்குச் சொன்னதை இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அந்த வாய்க்குப் போட்டியாக ஒருத்தி வந்தது ஜனவரியில்.

பெயர் நிர்மலாதேவி. பாப்பிரெட்டிப்பட்டிக்காரி. பெரிய படிப்பு படிக்கிறாள். திக்கிப் பேசுகிற பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் மனசுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பதினோரு பிள்ளைகளிடம் பேசி முடித்துவிட்டாள். பெரியவர்கள்தான் அகப்படவில்லை என்றும், வாத்தியார் ஒருவர் இந்தக் கடையைக் காட்டினார் என்றும் சொன்னாள்.

ஷரீபா நாற்காலி எடுத்துப் போட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் தானே பதில் சொன்னாள். எந்த வயதில் தொடங்கியது, யார் கிண்டல் செய்தார்கள், எந்த எழுத்துக்கு நாக்கு நிற்கும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அந்தப் பெண் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாளே தவிர நோட்டில் ஒரு வரி எழுதவில்லை.

"அக்கா, நீங்க சொல்றதெல்லாம் சரிதாங்க. ஆனா அவரு வாயால சொன்னாத்தான் நான் எழுதிக்க முடியும்" என்றாள்.

"அவரு சொல்லி முடிக்கறதுக்குள்ள உனக்குக் கடைசி பஸ் போயிடும் கண்ணு."

"போகட்டுங்கக்கா."

பழைய மிக்ஸிகள் அடுக்கியிருந்த உள்ளறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். ஷரீபா கடை முன்னால் இருந்தாள். வார்த்தை காதில் விழவில்லை. அவர் குரல் கிளம்பும், நிற்கும், மறுபடி கிளம்பும். நிற்கிற இடத்தில் அந்தப் பெண்ணின் குரல் எழவே இல்லை. என்ன பெண் இவள், ஒரு மனிதர் திணறும்போது கை கொடுக்கத் தெரியாதா என்று ஷரீபா நினைத்தாள். அப்போதுதான் உள்ளேயிருந்து ஜாவீத் சிரித்தார். வாய்விட்டு, மூச்சு வாங்க. அந்தச் சிரிப்பை அவள் கடைசியாகக் கேட்டது மகள் உமைரா பிறந்த அன்று.

நாற்பத்தேழு நிமிடம். அந்தப் பெண்ணின் செல்போனில் பதிவாகியிருந்ததை எட்டிப் பார்த்து ஷரீபா தெரிந்துகொண்டாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு அவர் கையை விரித்தார். சும்மா என்பதற்கு அந்தச் சைகை. நாற்பத்தேழு நிமிடம் சும்மாவா?

அந்தப் பெண் அழகாக இருந்திருந்தால்கூட ஷரீபாவுக்கு மனசு ஆறியிருக்கும். எலும்பும் தோலுமாக இருந்தாள். ஹெல்மெட் போட்டுப் போட்டு முடி படிந்திருந்தது. செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருந்தாள். குற்றம் சொல்ல ஒரு பவுடர் பூச்சுகூட இல்லை. மூன்றாவது முறை அவள் வருவதற்கு முன்னால் ஜாவீத் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் நகக்கண்ணில் இருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவினார். ஷரீபாவைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் நகம் கறுப்பாகத்தான் இருந்தது. ஷரீபாவுக்கு அது நன்றாக நினைவிருக்கிறது.

அன்றைக்கு அந்தப் பெண் இரண்டு கேள்வித்தாள் கொடுத்துவிட்டுப் போனாள். ஒன்று அவருக்கு, ஒன்று வீட்டில் இருப்பவர்களுக்கு. ஷரீபா இதைப் பரீட்சை என்றே எடுத்துக்கொண்டாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தப்பில்லாமல் எழுதி அவள் வாயை அடைக்க வேண்டும் என்று உட்கார்ந்தாள். 'அவர் ஒரு சொல்லில் தடுமாறும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று ஒரு கேள்வி. அதற்குக் கீழே இருந்த நான்கு பதிலில் 'நானே சொல்லி முடித்துவிடுவேன்' என்பதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பே வந்தது. அதற்குப் பக்கத்தில் 'எப்போதும்' என்ற கட்டத்தில் அழுத்தமாக டிக் போட்டாள். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

அவருடைய தாள் கண்ணில் பட்டது இரண்டு நாள் கழித்து. மேஜை இழுப்பறையில் கார்பன் பிரஷ் டப்பாவுக்கு அடியில் இருந்தது. பார்க்கக் கூடாது என்று தெரியும். பார்த்தாள். 'யாரிடம் பேசும்போது உங்களுக்கு அதிகமாகத் திக்குகிறது?' அதற்கு எதிரே அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில் 'என் மனைவி' என்று இருந்தது.

அவள் தாளைக் கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. அவர் கிரைண்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"ஊர்ல இத்தன பேரு இருக்கறாங்க. என் பேருதான் கெடச்சுதா உங்களுக்கு?"

அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"அவகிட்ட திக்கலையா?"

"தி... திக்குது. அந்தப் பொண்ணு கா... காத்துக்கிட்டிருக்குது."

"நான் காத்துக்கிட்டு இல்லையா? இருபத்தி நாலு வருசமா உங்களுக்காகக் கத்திக் கத்தித் தொண்ட போச்சே, அது யாரு?"

"க... க... க..."

"கல்யாணத்தைச் சொல்றீங்களா?"

அவர் வாயை மூடிக்கொண்டார். அவளையே பார்த்தார். என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த முறை அவர் தலையாட்டி விட்டுவிடவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"க... கத்திரிக்கா."

கல்யாணமான புதிதில் மறுவீட்டு விருந்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போனபோது, மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் கறி என்று சொல்லத்தான் வாயெடுத்தார். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. புதுப்பெண் ஷரீபா ஓடி வந்து கத்திரிக்காயா என்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். அன்றிலிருந்து இவர்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் கத்திரிக்காய். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. ஷரீபா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"எனக்குக் கத்திரிக்கா பு... புடிக்காது."

வெண்கத்திரிக்காய், முள்ளுக் கத்திரிக்காய், சுட்டது, வதக்கியது, புளி ஊற்றியது எல்லாம் அவள் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றது. ஆனால் அவள் கேட்டது வேறு.

"இத அவகிட்ட சொன்னீங்களா?"

"சொ... சொன்னேன்."

"அன்னைக்கு அப்படிச் சிரிச்சீங்களே, இதுக்குத்தானா?"

"ஆமா."

தன் வீட்டுக் கத்திரிக்காய் ரகசியம் தனக்கு முன்னால் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போய்விட்டது. எழுந்து போகத் திரும்பியவளை அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"உமைரா நிக்காஹ்ல நா... நான்தான் சொல்லுவேன்."

மகள் நிக்காஹ்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மாப்பிள்ளை அனீஸ், தர்மபுரிப் பையன். பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, நிக்காஹ் நடத்தி வைக்கும் அஜரத் சொல்லிக் கொடுப்பதைத் திருப்பிச் சொல்லி, சபையில் மகளை ஒப்படைப்பது இவர்கள் குடும்பத்து வழக்கம். முடியாதவர்கள் தங்களுக்குப் பதிலாகச் சொல்ல இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கலாம், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஷரீபா தன் அண்ணன் அப்துல் ரஷீதிடம் இதை என்றைக்கோ பேசி முடித்திருந்தாள். கணவரைக் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"முந்நூறு பேரு இருப்பாங்க. மைக்கு வேற. சிரிப்பாங்க."

"சி... சிரிக்கட்டும்."

"அவ சொல்லிக் குடுத்தாளா?"

"இல்ல. அ... அதுக்கு இன்னும் தெரியாது. மொ... மொதல்ல உன்கிட்டதான் சொல்றேன்."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஷரீபா இரண்டு நாள் ஓட்டினாள். அம்மியில் அரைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள். முதலில் என்னிடம்தான். ஆனால் பயம் போகவில்லை. அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு ஏற்பாடு செய்தாள். ஜாவீத் எங்கேயாவது நின்றுவிட்டால் அண்ணன் மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். அதற்குள் வரவில்லை என்றால் பெண்கள் இருக்கும் திரைப்பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். அவள் தலையசைத்ததும் அண்ணன் மைக்கை வாங்கிச் சொல்லிவிட வேண்டும். ரஷீத் சரி என்றார். சின்ன வயதிலிருந்தே தங்கை சொல்வதற்கு அவர் மறுத்துப் பேசியதில்லை.

நிக்காஹ் காலை பதினோரு மணிக்கு. மண்டபத்தின் நடுவில் பச்சைத் துணியால் திரை கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் பெண்கள். ஷரீபாவும் உமைராவும் உட்கார்ந்திருந்த இடத்தில் திரையில் ஒரு விரல்கடை இடைவெளி இருந்தது. அதை ஷரீபாதான் காலையிலேயே வந்து ஊக்கைக் கழற்றி உண்டாக்கி வைத்திருந்தாள். நிர்மலாதேவியும் வந்திருந்தாள். ஜாவீதே பத்திரிகை கொடுத்து அழைத்திருந்தார். நல்ல புடவை கட்டியிருந்தாள், செருப்பில் அதே ஊக்கு. இடம் இல்லாமல் ஷரீபாவுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள்.

ஜாவீத் அனீஸின் கையைப் பிடித்துக்கொண்டார். அஜரத் சொல்லிக் கொடுத்தார். என் மகள் உமைராவை.

"எ... என்..." என்றார் ஜாவீத். அப்புறம் நின்றுவிட்டது.

வீட்டில் அவர் மகள் என்று சொல்வதில்லை. அந்த எழுத்து வராது என்று தெரிந்து புள்ள, பாப்பா என்று வேறு வார்த்தைக்குத் தாவிவிடுவார். இங்கே தாவ இடம் இல்லை. மைக்கில் அவர் மூச்சு மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது, அதன் தாய் அதட்டினாள். ஏழு, எட்டு. ஷரீபாவின் பல்லுக்குப் பின்னால் அந்த வார்த்தை முழுசாகத் தயாராக நின்றது.

பத்து. ரஷீத் திரும்பி, திரையின் இடைவெளியைப் பார்த்தார்.

ஷரீபா தன்னையறியாமல் பக்கத்தில் பார்த்தாள். நிர்மலாதேவியின் கைகள் மடியில் கிடந்தன. உதடு அசையவில்லை. இவள் எண்ணவே இல்லை என்பது ஷரீபாவுக்குத் தெரிந்தது. அந்த அமைதியின் மேல் அவளுக்கு வந்த பொறாமை அந்தப் பெண்ணின் படிப்பு மேல்கூட வந்ததில்லை.

இந்தப் பக்கம் உமைரா தலைமுக்காட்டுக்குள் நிமிர்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஷரீபாவின் நிக்காஹ்விலும் இப்படி ஒரு மௌனம் இருந்தது. மாப்பிள்ளை ஜாவீத் கபூல், சம்மதம், என்று சொல்ல வேண்டிய இடத்தில் சபை காத்திருந்தது. அப்புறம் பெரியவர் ஒருவர், சொல்லிட்டாரு, சொல்லிட்டாரு என்று குரல் கொடுக்க, எல்லாரும் துஆவுக்குக் கையேந்திவிட்டார்கள். அஜரத்துக்குக் கேட்டதாம். திரைக்குப் பின்னால் இருந்த மணப்பெண் ஷரீபாவுக்குக் கேட்கவில்லை. அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, எந்தக் கேள்வித்தாளும் அதைக் கேட்கவும் இல்லை.

அண்ணன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். கை மைக்கை நோக்கிப் பாதி நீண்டிருந்தது.

ஷரீபா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அதற்கப்புறம் அவள் எண்ணவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அனீஸ் கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே வைத்திருந்தான், அதை மட்டும் கவனித்தாள்.

"மகள்" என்றார் ஜாவீத். "உமைராவை." அதற்கப்புறமும் இரண்டு இடத்தில் நின்றது. இரண்டு இடத்திலும் அவரேதான் கிளம்பி வந்தார். கொடுத்தேன் என்று அவர் முடித்தபோது உமைரா தன் தாயின் விரல்களை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

துஆ முடிந்ததும் நிர்மலாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சார் நல்லா பேசினாங்க இல்லீங்கக்கா என்றாள். அவர் எப்பவும் நல்லாத்தான் பேசுவார் என்று ஷரீபா வெடுக்கென்று சொன்னாள்.

பந்தியில் அந்தப் பெண் ஷரீபாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். பிரியாணியும் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காயும் வந்தன. குடும்பத்தார் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டே வந்த ஜாவீத் அவர்கள் பக்கத்தில் நின்றார். தலையில் தொப்பி கோணியிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஷரீபாவைப் பார்த்து எதையோ சொல்ல வாயெடுத்தார்.

"ஷ..." என்றார். "ஷ... ஷ..."

அவள் பெயரை அவர் சொல்லிக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. ஏம்மா, இந்தா என்றுதான் கூப்பிடுவார். ஷரீபா கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தாள். எதிரே நிர்மலாதேவியும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, அதே அமைதியோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

இருவரும் காத்திருந்தார்கள். பரிமாறுகிறவர்கள் வாளியோடு சுற்றிக்கொண்டு போனார்கள். ஷரீபா ஓரக்கண்ணால் எதிரே ஒரு பார்வை பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் பார்வையை விலக்கிக் குனிந்து தண்ணீர் டம்ளரை எடுத்தாள்.

ஷரீபா அசையவில்லை, அவர் முகத்தையே பார்த்துக் காத்துக்கொண்டிருந்தாள்.